ஐந்தாவது வரி

எங்கள் மவுண்ட் நெபோ சபையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை நடக்கும்போது ஆளுக்கொரு அட்டை விசிறி ஆடிக்கொண்டிருக்கும். ஏசி போட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. ஆனாலும் விசிறியை யாரும் கீழே வைத்தபாடில்லை. விசிறியின் முன்பக்கம் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் இயேசு. பின்பக்கம் "டாலிவர் இறுதிச்சடங்கு இல்லம், 1938 முதல்" என்று எங்கள் பெயர், விலாசம், போன் நம்பர். வருஷா வருஷம் அச்சடித்துக் கொடுப்பது என் தம்பி லெமுவல். எங்கள் பெயரை ஆட்டி ஆட்டிக் காற்று வாங்கிக்கொள்வார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் மட்டும் ஹைவே ஓரத்துப் பெரிய இறுதிச்சடங்குக் கம்பெனிக்குப் போன் போடுவார்கள். அங்கே இருநூறு கார் நிறுத்த இடம் இருக்கிறதாம். செத்தவரா கார் ஓட்டிக்கொண்டு போகப்போகிறார் என்று கேட்டால், வெர்னிஸுக்கு வாய் ஜாஸ்தி என்பார்கள். ஜாஸ்திதான்.

வெர்னிஸ் டாலிவர் என்பது நான். அட்லாண்டாவுக்குத் தெற்கே மேக்கன் ஊரில் தம்பியின் இல்லத்துக்கு அடுத்த கட்டடத்தில் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்யும் கடை வைத்திருக்கிறேன். கடையில் உயிரோடு இருப்பவர்களுக்கு. தம்பி கூப்பிட்டால் மற்றவர்களுக்கும். அடுப்பில் சுடவைத்து முடியை நீவி நேராக்கும் இரும்புச் சீப்பு இரண்டு இடத்துக்கும் தனித்தனி. கடைச் சீப்புக்குச் சிவப்புக் கைப்பிடி, இல்லத்துச் சீப்புக்குக் கறுப்பு. வாடிக்கைக்காரிகள் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் நாற்காலியில் உட்காரும் முன் கைப்பிடியை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள்.

ஆகஸ்ட் மாதம் கறுப்பர்களின் வியாபாரத்தைக் கொண்டாடுகிற மாதம். போன ஆகஸ்ட் முதல் ஞாயிறு பாஸ்டர் ப்ரின்சன் மேடையில் ஒரு கட்டு அட்டையோடு வந்து நின்றார்.

"போன வருஷம் நம்ம ஆளுங்க கடைக்குத்தான் போவோம்னு எல்லாரும் கையத் தூக்குனீங்க. அடுத்த சனிக்கிழமை பெரிய கடைக்குப் பால் வாங்கப் போறேன், தூக்குன கை பூரா அங்க வண்டி தள்ளிட்டு இருக்கு" என்றார்.

பாஸ்டருக்கு அந்தக் கடையில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

"அதனால இந்த வருஷம் கை வேணாம். அட்டை."

அட்டையில் ஐந்து வரி. ஐந்து வரியிலும் நம்மவர்கள் நடத்தும் ஐந்து கடைகளின் பெயரை எழுத வேண்டும். மாதம் முடிவதற்குள் ஐந்துக்கும் போக வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே "வேலை முடிந்தது" என்று அச்சடித்த கட்டத்தில் கடைக்காரரே கையெழுத்துப் போட வேண்டும். கடைசி ஞாயிறு, பெயர் சொல்லி, ஐந்துக்கு எத்தனை என்று மேடையிலிருந்து வாசிப்பார்.

பிறகு எங்களையெல்லாம் ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொன்னார். முடி வெட்டும் பெர்சிக்குக் கைதட்டினார்கள். டயர் கடை யூலிசிஸுக்குத் தட்டினார்கள். புக்கர் சகோதரிகளின் கேக் கடைக்கு "ஆமென்" கூடச் சொன்னார்கள். எனக்கும் தட்டினார்கள். கடைசியில் கறுப்புக் கோட்டோடு என் தம்பி லெம் எழுந்தான். கைதட்டல் ஆரம்பித்தது, பாதியில் நின்றது. எல்லோரும் மடியைப் பார்த்தார்கள்.

"பிரதர் லெமுவலையும்..." என்று பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "அவங்கவங்க நேரம் வரும்போது ஆதரிங்க."

அதே வாரம் அட்லாண்டாவில் யாரோ கறுப்பர் கடைகளின் பட்டியல் ஒன்றைப் போட்டு அதில் எங்களையும் சேர்த்துவிட்டார்கள். ஒரு பெண் போன் செய்து, உங்களை ஆதரிக்க ஆசையாக இருக்கிறது, கிஃப்ட் கார்டு இருக்கிறதா என்று கேட்டாள். லெம் கொஞ்சம் யோசித்து, "குடுக்கலாம்மா. ஆனா வாங்கிக்கிறவங்க என்ன நெனைப்பாங்கன்னு பாத்துக்கோங்க" என்றான். அவள் திரும்பக் கூப்பிடவில்லை.

அந்த அட்டையை ஒரே ஒரு ஆள்தான் சத்தியமாக எடுத்துக்கொண்டார். சிஸ்டர் சிப்போரா மேஃபீல்ட். வயது எண்பத்தொன்று. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் இருந்தவர். ஒரு தட்டுக்கு ஒரு கரண்டி என்றால் ஒரு கரண்டிதான், தலைமையாசிரியர் வந்து நின்றாலும். இருபத்தாறு வருஷமாக வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு என் நாற்காலி அவருடையது. அந்த வெள்ளிக்கிழமை மடியில் அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏண்டி வெர்னிஸ், பேனா குடு. முதல் வரி நீ. ரெண்டாவது தாடியஸ் மீன் கடை. மூணாவது பெர்சி."

"பெர்சி ஆம்பளைங்களுக்கு முடி வெட்டறவன், சிஸ்டர்."

"என் தாடையில மூணு முடி இருக்கு. அவனுக்கு அது போதும்."

"சரி. நாலாவது?"

"யூலிசிஸ் டயர் கடை."

"உங்களுக்கு ஏது கார்?"

"கடைக்குத் தள்ளிட்டுப் போற வண்டிச் சக்கரத்துல காத்து இல்ல."

"அஞ்சாவது புக்கர் கேக் கடைன்னு போட்டு முடிங்க."

"எனக்குச் சக்கரை. கேக்க வாங்கி வச்சு மூஞ்சியப் பாத்துட்டு உக்காரவா? திங்காத பண்டத்துக்குக் கையெழுத்து வாங்கறது களவாணித்தனம்."

என்னவோ எழுதினார். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ஐந்தாவது வரியில், பள்ளிக்கூடத்துப் பலகை எழுத்தில், டாலிவர் இறுதிச்சடங்கு இல்லம்.

"அத அடிச்சிருங்க மொதல்ல. மாசம் முடிய மூணு வாரம்தான் இருக்கு."

"அது எனக்கும் கர்த்தருக்கும் உள்ளது. நீ சூட்டப் பாரு, காது சுடுது."

"விளையாடாதீங்க."

"நான் என்னிக்கு விளையாடுனேன்? ஒண்ணு மட்டும் சொல்லி வைக்கறேன். அந்த நேரம் வந்தா என் தலைய நீதான் வாரணும். இடப்பக்கம் வகிடு. பின்னால இழுத்து ஒரு கொண்டை. நெத்தியில சுருள் கிருள் விட்டே, எந்திரிச்சு உக்காந்துருவேன்."

"விடமாட்டேன். நான்தான் வாருவேன், போதுமா?"

"போதும்."

வாக்குக் கொடுத்தது அவ்வளவுதான். நானும் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஒரு வாரத்தில் நாலு கையெழுத்தும் வாங்கிவிட்டார். பெர்சி மூன்று முடியையும் வெட்டி, கழுத்துக்குப் பவுடர் போட்டு, கண்ணாடி பிடித்துக் காட்டினானாம். யூலிசிஸ் வண்டிச் சக்கரத்துக்குக் காற்று அடித்துவிட்டு, ஐயாயிரம் மைல் ஓடியதும் மறுபடி கொண்டுவரச் சொன்னானாம். பதினைந்தாம் தேதி வாக்கில் சிஸ்டர் சிப்போரா கையில் அட்டையோடு லெமின் இல்லத்துக்குள் நுழைந்தார். நானும் அங்கே இருந்தேன்.

பெட்டிகள் இருக்கும் அறையை ஒரு சுற்றுச் சுற்றினார். இளநீலப் பெட்டி ஒன்றை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இதுல கால நீட்ட இடம் இருக்கா?"

"இருக்கு சிஸ்டர்" என்றான் லெம்.

"அப்ப இதுதான். கையெழுத்துப் போடு."

லெம் அட்டையை வாங்கி, கண்ணாடி போட்டுப் படித்தான். "போட முடியாதே. வேலை முடிந்ததுன்னு இருக்கு. வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"சரி, அப்ப இன்னார் இங்கதான் வருவாங்கன்னு ஒரு பேப்பர்ல என் கையெழுத்த வாங்கி வச்சுக்கோ. நீங்கள்லாம் வாங்குவீங்களாமே."

"மத்தவங்க வாங்குவாங்க. நீங்க கல்லு மாதிரி நிக்கறீங்க. உங்ககிட்ட போய் அந்தப் பேப்பர நீட்ட எனக்குக் கை வராது சிஸ்டர். எங்க அப்பா ஒருத்தர்கிட்டயும் நீட்டுனதில்ல."

சிஸ்டர் சிப்போரா அட்டையைக் கைப்பைக்குள் வைத்து மூடினார். "சரி. எனக்குத் தோதுப்பட்ட நாள்ல வரேன்."

அவர் போனதும் லெமைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "உனக்குப் புத்தி கித்தி இருக்காடா? ஹைவேக்காரன் கடைத்தெருவுல மேசை போட்டு, நடந்து போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் கையெழுத்து வாங்கறான். இங்க வலிய வந்து கேக்கறாங்க, நீ வேதாந்தம் பேசற."

"அதான்க்கா அவன் ஹைவேல இருக்கான்" என்றான். இதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஆகஸ்டின் கடைசிச் செவ்வாய்க்கிழமை சிஸ்டர் சிப்போரா காப்பி போட்டு வைத்துவிட்டு, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். எனக்குச் சொன்னது மீன் கடை தாடியஸ். கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். தெருமுனை திரும்பும்போதே ஹைவேக்காரர்களின் வெள்ளை வேன் அவரை ஏற்றிக்கொண்டு எதிரே வந்தது. அட்லாண்டாவிலிருந்து மகன் க்ளிஃப்டன் கம்ப்யூட்டரிலேயே எல்லாவற்றையும் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டானாம். அன்று மத்தியானம் அவனுக்குப் போன் போட்டேன்.

"க்ளிஃப்டன், உங்கம்மா எங்ககிட்டதான் வரணும்னு இருந்தாங்க."

"மிஸ் வெர்னிஸ், நீங்க சொல்றது புரியுது. ஆனா எங்க ஆபீஸ்லருந்து நாப்பது பேர் வராங்க. அங்க வண்டி நிறுத்த இடம் இருக்கு. எல்லாத்தையும் அவங்களே பாத்துக்கறாங்க."

"தலைய யார் வாருவா?"

"அதுவும் அதுல சேத்திதான்."

"உங்கம்மா என்கிட்ட வாக்கு வாங்கியிருக்காங்கப்பா."

"ஏதாவது எழுத்துல இருக்கா?"

லெம் எதிரே உட்கார்ந்து தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். "சபை அட்டையில எழுதியிருக்காங்க" என்றேன்.

"சபை அட்டையா?" என்றான் க்ளிஃப்டன். பிறகு, "மிஸ் வெர்னிஸ், எனக்கு இன்னும் நெறைய போன் பேச வேண்டியிருக்கு" என்றான். கெட்ட பையன் இல்லை. போனை வைத்தவள் நான்தான். வாக்குக் கொடுத்துவிட்டு இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோமே என்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை ஹைவேக்காரர்கள் தங்கள் கூடத்தில் உடலை முகம் பார்க்க வைத்தார்கள். போனேன். கார் நிறுத்தச் சிரமமே இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். பெட்டியின் அருகே போய்ப் பார்த்தேன். முகத்தில் அப்பியிருந்தது எங்கள் நிறத்துக்கான மாவே இல்லை. அடுப்புச் சாம்பல் பூசியது மாதிரி இருந்தது. வலப்பக்கம் வகிடு. நெற்றியில் ஐந்து சுருள். எண்ணிப் பார்த்தேன், ஐந்துதான்.

க்ளிஃப்டன் பக்கத்தில் வந்து நின்றான். "அம்மா எப்படி இருக்காங்க, மிஸ் வெர்னிஸ்?"

"எங்க இருக்காங்க?" என்றேன்.

அவன் பெட்டிக்குள் பார்த்தான். பிறகு ஜன்னல் வழியாகக் கார்களைப் பார்த்தான். நான் அதோடு விட்டுவிட்டேன். பெற்ற தாயைப் பறிகொடுத்தவனிடம் எவ்வளவுதான் பேசுவது.

மறுநாள் மாதத்தின் கடைசி நாள், கடைசி ஞாயிறு. க்ளிஃப்டன் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். யாரோ அவன் கையிலும் ஒரு விசிறியைக் கொடுத்திருந்தார்கள். அறிவிப்புகள் முடிந்ததும் பாஸ்டர் பட்டியலை எடுத்தார். அட்டைகளை முந்தின ஞாயிறே வாங்கிக்கொண்டு தட்டச்சு செய்து வைத்தது சபைச் செயலாளர் சிஸ்டர் லுவெல்லா. ஒரு பெயரையும் விடக் கூடாது என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். லுவெல்லா விடவில்லை.

"டீக்கன் ஹோரஸ். அஞ்சுக்கு ஒண்ணு." ஹோரஸ் சபை நிர்வாகிகளில் ஒருவர். பாஸ்டர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "அந்த ஒண்ணும் அவர் சொந்தக் கடை."

"ஆமென்" என்று பின்பெஞ்சில் யாரோ சொன்னார்கள்.

இரண்டு, மூன்று, மறுபடி ஒன்று என்று போய்க்கொண்டே இருந்தது. நாலு யாருக்கும் வரவில்லை. பாஸ்டர் அடுத்த பெயரை வாசித்தார். "சிஸ்டர் சிப்போரா மே..." அங்கேயே நின்றுவிட்டார். லுவெல்லாவைப் பார்த்தார். லுவெல்லா கூரையைப் பார்த்தாள். ஆடிக்கொண்டிருந்த விசிறிகள் எல்லாம் நின்றன. ஆரம்பித்த பெயரை மேடையிலிருந்து விழுங்க முடியுமா. மெதுவாகப் படித்தார்.

"சிஸ்டர் சிப்போரா மேஃபீல்ட். அஞ்சுக்கு நாலு. அஞ்சாவது வரி..." தண்ணீர் குடித்தார். "டாலிவர் இறுதிச்சடங்கு இல்லம். கையெழுத்து ஆகல."

க்ளிஃப்டன் கையிலிருந்த விசிறியைத் திருப்பினான். பின்பக்கத்தைப் படித்தான். போன் நம்பர் வரை படித்தான் என்று நினைக்கிறேன், அவ்வளவு நேரம் ஆனது. பிறகு எழுந்தான்.

"பாஸ்டர், இந்த அட்டைக்குக் கெடு எப்ப?"

"இன்னிக்குத்தான் மகனே. மாசக் கடைசி."

"இன்னிக்குன்னா எத்தனை மணி வரைக்கும்?"

பாஸ்டர் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. "பொழுது சாயற வரைக்கும்னு வச்சுக்குவோம்."

"எங்கம்மா வாழ்க்கையில எதையும் அஞ்சுக்கு நாலா விட்டதில்ல" என்றான் க்ளிஃப்டன். லெம் பக்கம் திரும்பினான். "பிரதர் லெமுவல், ஞாயித்துக்கிழமை திறந்திருப்பீங்களா?"

லெம் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டான். "எங்க தொழில்ல ஞாயிறு கிடையாதுங்க."

நான் அழுதுவிட்டேன். கண் கலங்கியது அது இதெல்லாம் இல்லை, சத்தமாகவே அழுதேன். லுவெல்லா தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். அதை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் லெமும் க்ளிஃப்டனும் நேரே ஹைவேக்குப் போனார்கள். அங்கே மேசையில் இருந்த பையன் ஒரு படிவத்தை நீட்டினான். உடலை மாற்றுவதற்குக் காரணம் என்ற இடத்தில் லெம், "ஏற்கெனவே ஒத்துக்கொண்ட வேலை" என்று எழுதினான்.

"இது எப்ப ஒத்துக்கிட்டது சார்?"

"பதினஞ்சாம் தேதி வாக்குல."

"பேப்பர் இருக்கா?"

"சபையில இருக்கு."

பையன் அதையும் எழுதிக்கொண்டான்.

மூன்று மணிக்கு சிஸ்டர் சிப்போரா எங்களிடம் வந்து சேர்ந்தார். அந்தச் சாம்பலைத் துடைத்து எடுத்தோம். தலையை இரண்டு தடவை அலசினேன். சுருள்களுக்கு அடித்திருந்த பிசின் அப்போதுதான் விட்டது. காயவைத்தேன். கறுப்புக் கைப்பிடிச் சீப்பை அடுப்பில் வைத்துச் சூடாக்கி, எடுத்து, மறுபடி கீழே வைத்துவிட்டேன். மனசு ஒப்பவில்லை. அந்தச் சீப்புக்கு இந்தத் தலை தெரியாது. அடுத்த கட்டடத்துக்குப் போய்ச் சிவப்பை எடுத்து வந்தேன். இருபத்தாறு வருஷ வெள்ளிக்கிழமைகளில் அந்த முடியில் ஓடியது அதுதான். இடப்பக்கம் வகிடு எடுத்தேன். காது ஓரம் வந்ததும், "சுடுதா சிஸ்டர்?" என்று வாய் தன்னால் கேட்டுவிட்டது. அதற்கும் அழுதேன். அழுதுகொண்டே கொண்டை போட்டேன்.

சிவப்புச் சீப்பைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுத் தேய்த்துக் கழுவி, கடையில் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் கைப்பிடியைப் பார்த்துவிட்டு நிம்மதியாக உட்காருகிறார்கள். நீங்களும் வாயைத் திறக்க வேண்டாம்.

க்ளிஃப்டன் உள்ளே வந்து, இளநீலப் பெட்டியின் பக்கத்தில் நின்று பார்த்தான். "இவங்கதான்" என்றான். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

பாஸ்டர் கொடுத்தனுப்பிய அட்டை லெம் கையில் இருந்தது. "வேலை முடிந்தது" என்ற கட்டத்தைப் படித்தான். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். கழுத்துப் பட்டையை ஒரு நூல் அளவு சரிசெய்தான். கால் பக்கம் போய், நீட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்தான். "இப்ப முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். ஐந்து மணி பத்து நிமிஷம் என்று நேரத்தையும் எழுதினான். வெளியே வெயில் இன்னும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அடக்கத்துக்குத் தெருவின் இரண்டு பக்கமும் கார் நின்றது. யூலிசிஸ் கடை வாசலில் டயர்களை நகர்த்தி இடம் கொடுத்தான். க்ளிஃப்டனின் ஆபீஸ்காரர்கள் மூன்று தெரு நடந்து வந்தார்கள். நடந்ததனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் மேடையில் ஒரு திருத்தம் வாசித்தார். "சிஸ்டர் சிப்போரா மேஃபீல்ட். அஞ்சுக்கு அஞ்சு." கண்ணாடியைக் கழற்றினார். "இருநூத்திப் பதினாலு அட்டை. முழுசா முடிச்சது இவங்க ஒருத்தர்தான். உயிரோட இருக்கற நாம இருநூத்திப் பதிமூணு பேரும் உக்காந்து யோசிப்போம்."

யோசித்தார்களோ என்னவோ. பாஸ்டர் லெமை எழுந்து நிற்கச் சொன்னார். கைதட்டல் இந்தத் தடவை பாதியில் நிற்கவில்லை.

வாசலில் டீக்கன் ஹோரஸ் லெமை ஓரமாக அழைத்தார். "பிரதர், அந்த நீலப் பெட்டி மாதிரி இன்னொண்ணு இருக்கா? சும்மா பாக்கத்தான்."

"பாக்கலாம் டீக்கன்" என்றான் லெம். பிறகு கோட்டின் உள்பையிலிருந்து மடித்த பேப்பர் ஒன்றையும் பேனாவையும் எடுத்தான். சாவுக்கு முன்பே கையெழுத்து வாங்கி வைக்கும், அப்பா யாரிடமும் நீட்டாத பேப்பர். டீக்கனின் முகத்தைப் பார்க்காமல் அவர் ஷூவைப் பார்த்துக்கொண்டு நீட்டினான்.